தறியும் கொப்பியும்: மருதமுனையிலிருந்து ஒலுவில் வரை

எமது பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடசாலை திறக்கப்பட்ட திகதியை எழுதுகிறார்கள். அதிபர்களின் பெயர்களை வரிசைப்படுத்துகிறார்கள். முதலாவது பட்டதாரி யார், முதலாவது வைத்தியர் யார் என்று ஊருக்கு ஊர் விவாதமும் நடக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால், அந்த முதலாவது பட்டதாரி படித்த காலத்தில் அவருடைய வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எவரும் எழுதுவதில்லை. படிக்கப் போன பிள்ளையின் கை வீட்டுத் தொழிலிலிருந்து விலகியபோது அந்த இடத்தை எவருடைய கை நிரப்பியது? வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற வகையிலும், தறியில் இருந்துகொண்டே பட்டப்படிப்பை முடித்தவன் என்ற வகையிலும் இந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்முனையில், வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல் நிலத்தில் இருப்பது எங்கள் மருதமுனை. இன்று நாங்கள் அம்பாறை மாவட்டம். 1961இல் அந்த மாவட்டம் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டம். பழைய ஆட்கள் இன்றும் தங்களை மட்டக்களப்பார் என்றே சொல்லிக்கொள்வார்கள். நான் சொல்லப்போகும் கதை இந்த மணல் நிலத்தில், ஒரே தெருவில், ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குள் நடந்தது.

தறி வீடு

மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு 'டக் டக்' என்று நாடா ஓடும் சத்தம் கேட்கும். சாறனும் சாரியும்தான் பிரதானம். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். வாப்பா ஒன்றில் இருப்பார், மற்றதில் உம்மாவோ ராத்தாவோ. நூலை முதலாளி தருவார். நெய்து கொடுத்த துண்டுகளின் கணக்குக்குக் கூலி வரும்.

1970க்கும் 1977க்கும் இடையில் துணி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தைப் பற்றி வாப்பா கண்களை அகல விரித்துக்கொண்டு சொல்வார். அந்த நாளில் தறியிலிருந்து துணி இறங்க முதலே வாங்க ஆள் நிற்குமாம். நாட்டில் பாணுக்கும் சீனிக்கும் வரிசை நின்ற அதே காலம் எங்களூர் நெசவாளிக்கு நல்ல காலமாக இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. விசைத்தறியில் ஓடிய மலிவுத் துணிக்கு முன்னால் கைத்தறி நின்றுபிடிக்கவில்லை. பல வீடுகளில் தறியைக் கழற்றி முகட்டில் செருகினார்கள். சிலர் கடலுக்குப் போனார்கள், சிலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். எங்கள் வாப்பா போகவில்லை. அவருக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான்.

நான் பிறந்தது அந்த வீழ்ச்சிக்குப் பிறகு. ஆகவே படிப்பும் தறியும் எனக்கு ஒன்றாகவே வந்தன. பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணித்தியாலம் தார் சுற்ற வேண்டும். உயர்தரம் படிக்கும்போது இரவில் தறியில் இருந்தேன். 1999இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை, கலாசார பீடத்துக்குத் தெரிவானபோது ஊரில் எல்லோரும் முபாரக் சொன்னார்கள். வாப்பா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"மனே, படிப்பும் வேணும், பாவும் முடியணும்."

அந்த ஒரு வரிதான் அடுத்த நான்கு வருடத்துக்கும் எனது கால அட்டவணை.

காரைதீவுச் சந்தி

காலையில் அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவேன். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில். வழியில் சோதனைச்சாவடிகள் இருந்தன. இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். இரவு நெசவு நெய்தவன் பஸ்ஸில் நித்திரை கொள்வதுதான் இயல்பு. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் எழும்ப வேண்டியிருந்ததால் நான் நித்திரை கொள்ளாமல் வெளியே பார்த்துக்கொண்டு போகப் பழகினேன். அப்படிப் பார்த்துக்கொண்டு போன தெருவிலேயே நான் தேடிய வரலாறு இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பஸ் ஓடும் வரிசையில் கல்முனை முன்னால் வருகிறது. வரலாற்றின் வரிசையில் காரைதீவு முன்னால் வருகிறது. அங்கே 1892இல் மயில்வாகனன் என்ற பெயரில் பிறந்தவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். யாழ் நூலின் ஆசிரியர் என்றும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் என்றும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் என்றும் அவரை அறிவோம். அவருடைய இளமைக் காலத்தை வேறொரு கோணத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் தமது பட்டங்களில் பெரும்பாலானவற்றைச் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே பெற்றவர்.

சிரேஷ்ட கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியதும் அவர் செய்தது ஆசிரியத் தொழில். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பி மீண்டும் கற்பித்தார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றது 1916இல். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியதும் அதே 1916இல். ஒரு கையில் இரசாயனம், மறு கையில் சங்க இலக்கியம். பிறகு 1917 முதல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசிரியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்து 1920இல் தேறினார். அந்த ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இது எப்படிச் சாத்தியமானது? அவருடைய திறமை ஒரு காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் திறமை மட்டும் போதாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரிப் பரீட்சை முறையை வைத்திருந்தது. விரிவுரை மண்டபத்தில் போய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் படித்துப் பரீட்சை எழுதலாம். பகலில் கற்பித்து இரவில் படிக்கும் மனிதனுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. நாட்டில் பல்கலைக்கழகமே இல்லாத காலத்தில் உழைப்பையும் படிப்பையும் சேர்த்துக் கட்டிய கயிறு அதுதான். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய பின்னரும் அதன் மாணவர்கள் லண்டன் பரீட்சைகளையே எழுதினர்.

ஆனால் அந்தக் கதவின் வழியே போனவர்கள் எத்தகையவர்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும்தான். அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, மாலையில் மேசை விளக்கு இருந்தது. தறியில் இருந்தவனுக்கும், கரைவலை இழுத்தவனுக்கும், வட்டையில் வெள்ளாமை வெட்டியவனுக்கும் அது கதவாகத் தெரியவில்லை. சுவராகத்தான் தெரிந்தது.

கல்முனைக் கச்சேரி

அந்தச் சுவரை நேரில் பார்த்த ஒரு மனிதர் 1942இல் கல்முனைக்கு வந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிமாகிய அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள்தான் அவர். யுத்த காலம். பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வரவு நின்றிருந்தது. நெல் விளையும் மட்டக்களப்புத் தெற்கில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அவசரகால உதவி அரசாங்க அதிபராக அவர் அனுப்பப்பட்டார்.

அரிசியைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். வளமான வயல்களுக்கு நடுவே எழுத்தறியாத ஒரு சமூகம் இருப்பதைக் கண்டார். வந்த ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். அந்தச் சிறிய முயற்சியின் விரிவாக 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தோன்றியது. பின்னர் 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்று 1961 வரை அவர் பணியாற்றியது நம் வாசகர்கள் அறிந்ததே.

1945ஐ நான் ஒரு முக்கியமான ஆண்டாகக் கருதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இலவசக் கல்வி வகுப்பறையின் விலையை ஒழித்தது. புலமைப்பரிசில் நிதியம் வேறொரு விலையைக் குறிவைத்தது. படிக்கும் காலத்தில் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், தங்க வேண்டும். அதைவிடப் பெரிதாக, அந்தப் பிள்ளை உழைத்திருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய பணம் வராமற் போகும். கட்டணம் இல்லாவிட்டாலும் இந்த நட்டம் இருக்கிறது. எந்தப் பற்றுச்சீட்டிலும் அது எழுதப்படுவதில்லை.

கன்னங்கராவும் இதை ஓரளவு அறிந்திருந்தார். ஆகவேதான் மத்திய கல்லூரிகளோடு விடுதிகளும், தெரிவான கிராமத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசிலும் வந்தன. ஆசிரியர் கலாசாலைகளும் இதே தேவையை வேறு வகையில் நிறைவேற்றின. 1941இல் தொடங்கிய அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை எமது பிரதேசத்தின் முஸ்லிம் குடும்பங்களுக்குச் செய்த உபகாரம் சாதாரணமானதல்ல. ஆசிரிய நியமனம் கிடைத்த இளைஞன் சம்பளத்தை இழக்காமல் பயிற்சி பெறலாம். 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகம் தானே வெளிவாரிப் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோது, பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் பலர் வகுப்பில் நின்றபடியே பட்டதாரிகளானார்கள். எங்கள் எழுத்தாளர்களில் எத்தனை பேர் ஆசிரியர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நமது நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி ஓர் ஆசிரியச் சம்பளத்தின் நிழலில் எழுதப்பட்டது.

இந்த இடத்தில் இஸ்லாமிய வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. கூபா நகரில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பாட வட்டத்துக்கு ஓர் ஏழைச் சிறுவன் வந்துகொண்டிருந்தான். உழைத்துக் கொண்டுவர வேண்டிய பிள்ளை பாடத்தில் போய் இருக்கிறதே என்று வீட்டார் வந்து அழைத்துச் சென்றார்கள். வட்டத்தில் அவனைக் காணாத இமாம் காரணத்தை விசாரித்து, ஒரு பணப்பையைக் கொடுத்து, முடிந்ததும் சொல் என்றார்களாம். அவன் சொல்லாமலே அடுத்த பை வந்துகொண்டிருந்ததாம். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் பிரதம காழியாக இருந்த அபூயூசுப் (ரஹ்). இமாம் அபூஹனீபா துணி வியாபாரி என்பதை நெசவாளி மகனாகிய நான் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். ஆனால் கதையின் சாரம் அதுவல்ல. இமாம் கொடுத்தது பாடத்துக்கான கட்டணத்தை அல்ல. அது முன்பே இலவசம். அவர் கொடுத்தது அந்தப் பிள்ளை இழந்த கூலியை.

பாதை என்ற கல்வி உபகரணம்

1981 வரை கிழக்கில் பல்கலைக்கழகமே இல்லை. பேராதனைக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். போனால் தறியோடு உறவு அறுந்தது. மாதக் கணக்கில் ஊர் திரும்ப முடியாது. வீடு அதைத் தாங்கினால் பிள்ளை படிக்கும், தாங்காவிட்டால் அனுமதிக் கடிதம் பெட்டிக்குள் கிடக்கும். உழைத்துக்கொண்டு படிப்பதா என்ற கேள்விகூட அங்கே எழவில்லை. உழைப்பா, படிப்பா என்பதே கேள்வி.

1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு முதற்தடவையாக வீட்டிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில் ஒரு வளாகம். ஆனால் அந்தத் தூரம் விரைவிலேயே வேறு அர்த்தம் கொண்டது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களின் பின் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில், வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் பெருந்தொகையானோர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை. படிப்பதற்கென்று கட்டிய கட்டிடம் அகதி முகாமாகி, பிறகு அழுகுரலின் இடமாகியது. முஸ்லிம் மாணவர்களுக்கு அந்தப் பாதை அடைபட்டது.

அந்த அடைப்பின் விளைவாக எழுந்ததே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமானது. முதலில் இடம் கொடுத்தது அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைதான். ஒரு தலைமுறைக்குச் சம்பளத்தோடு படிப்புக் கொடுத்த மண் அடுத்த தலைமுறைக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பறையையும் கொடுத்தது. இதை உருவாக்குவதில் முன்னின்ற மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் அரசியலைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபோது ஒலுவிலில் மாணவனாக இருந்தவன் நான். அன்று எனக்குத் தோன்றியது அரசியல் அல்ல. இந்த வளாகம் இந்த இடத்தில் இல்லாவிட்டால் நான் தறியை விட்டு எழும்பியே இருக்க மாட்டேன் என்பதுதான்.

பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்ததன் உண்மையான மாற்றம் இதுவே. காலையில் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்றவுடன், உழைப்பா படிப்பா என்ற கேள்வி உழைப்பும் படிப்பும் என்றாகியது. என்னுடன் படித்தவர்களில் அதிகாலையில் கரைவலையில் கைகொடுத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். போக காலத்தில் வெள்ளாமை வெட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். வீட்டில் தையல் மெஷினோடு படித்த சகோதரிகள் இருந்தார்கள். நானும் தறிக்கு மேலதிகமாக மாலையில் சாதாரணதர மாணவர்களுக்கு ரியூசன் கொடுத்தேன்.

மஹாபொல புலமைப்பரிசில் இருந்ததே என்று கேட்பீர்கள். 1981இல் லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது உருவான அந்த நிதியம் இலட்சக்கணக்கான பிள்ளைகளைத் தாங்கியிருக்கிறது. எனக்கும் பஸ்ஸும் மதியச் சோறும் போட்டோப் பிரதியும் அதில்தான். ஆனால் அது மாணவனுக்கான உதவி. மாணவனை நம்பியிருந்த வீட்டுக்கான உதவி அல்ல.

பக்கத்தில் இருப்பதால் வந்த வில்லங்கமும் உண்டு. பேராதனையில் படிப்பவனை வீடு கூப்பிடாது. ஒலுவிலில் படிப்பவனை எந்த நேரமும் கூப்பிடும். பாவு ஓட்ட ஆள் இல்லை, முதலாளி வந்திருக்கிறார், வாப்பாவுக்கு இழுப்பு. முழுநேரப் பட்டப்படிப்பு என்பது மாணவனின் முழு நாளும் பல்கலைக்கழகத்துக்குரியது என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. விரிவுரைக்கு 80 வீத வரவு, பகல் நேர நூலகம், ஒப்படைக்குத் தவணைத் திகதி, எல்லாமே அந்த எண்ணத்தின் பிள்ளைகள். நமது நாட்டில் மட்டுமல்ல, உலகெங்கும் பெரும்பாலும் அப்படித்தான். விதிவிலக்காக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தொடங்கிய பெரியா கல்லூரியைச் சொல்லலாம். அங்கே கற்பித்தற் கட்டணம் இல்லை. எல்லா மாணவரும் வாரத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் கல்லூரி தரும் வேலையைச் செய்ய வேண்டும், அதற்குக் கூலியும் உண்டு. வேலை அங்கே படிப்பின் எதிரி அல்ல. அது கால அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. எமக்கோ வேலை அட்டவணைக்கு வெளியே, இருட்டில் இருந்தது.

2000ஆம் ஆண்டு நோன்பு மாதம்

இருட்டில் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நோன்பு டிசம்பரில் வந்தது. பெருநாளுக்கு முந்திய மாதம் சாறன் நெய்பவனுக்கு அறுவடைக் காலம். வருடத்தின் கடனெல்லாம் அந்த மாதத்தில்தான் தீரும். முதலாளி பெரிய ஓடரோடு வந்தார். வாப்பா இழுப்பில் படுத்திருந்தார். எனக்கோ அதே வாரத்தில் பரீட்சை.

மூன்று இரவு தறியில் இருந்தேன். ஸஹருக்கு எழும்புகிறவர்கள் என் நாடாச் சத்தத்தில் எழும்பினார்கள். நான்காவது இரவு கை நடுங்கி நூல் அறுந்துகொண்டே இருந்தது. இந்த முறை பரீட்சையை விடுகிறேன், அடுத்த முறை எழுதலாம் என்று தீர்மானித்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த ராத்தா எழுந்து வந்தா.

"எழும்பு தம்பி. நீ சோதினைக்குப் போ. இந்தப் பாவ நான் முடிக்கிறன்."

ராத்தா சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்தியவ. நிறுத்தினா என்பதைவிட நிறுத்தப்பட்டா என்பதே சரி. என்னைவிடக் கெட்டிக்காரி. கணக்கில் ஊரில் பேர் எடுத்தவ. வாப்பாவுக்கு முதலில் சுகமில்லாமற் போன வருடம், இரண்டாவது தறியில் இருப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது சின்னப் பையன். அவ இருந்தா. அதைப்பற்றி வீட்டில் எவரும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பேச வேண்டிய விடயமாகவே அது எவருக்கும் தோன்றவில்லை.

நான் பரீட்சைக்குப் போனேன். ஓடர் பெருநாளைக்கு மூன்று நாள் முன்னால் முடிந்தது. நான் தேறினேன்.

எங்களிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. முன்பக்கத்திலிருந்து ராத்தா துணிக் கணக்கு எழுதுவா. எத்தனை சாறன், எந்த இலக்க நூல், எவ்வளவு கூலி, முதலாளி எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்று. பின்பக்கத்திலிருந்து நான் விரிவுரைக் குறிப்பு எழுதுவேன். இரண்டு கொப்பி வாங்குவதற்குப் பதிலாக ஒன்று. கடைசி வருடத்தில் இரண்டு எழுத்தும் நடுவில் வந்து சந்தித்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இரண்டு தறியும் அந்தக் கொப்பியும் போயின. உயிர்கள் போன இடத்தில் கொப்பியைப் பற்றிப் பேசுவது வெட்கம். ஆனாலும் வரலாறு கற்பிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு வீட்டில் ஒருவர் படிப்பதற்கு எவ்வளவு சாறன் ஆனது என்பதைக் காட்டக்கூடிய ஒரே ஆவணம் அதுதான். பரீட்சைப் பெறுபேறு பத்திரமாக இருக்கிறது. அதன் விலைச்சிட்டு இல்லை.

இன்று

இன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைவு. ஆனால் உழைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் குறையவில்லை. 2022 நெருக்கடியின்போது, அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சோற்றுப் பார்சலின் விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, மாணவனுக்குக் கிடைத்த உதவித்தொகை அந்த வேகத்தில் ஏறவில்லை. பலர் கடைகளில் நின்றார்கள், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். நாடா ஓடிய இடத்தில் கைபேசி வந்தது, அவ்வளவுதான். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்கிறவர்களை மனதில் கொண்டு அமைந்தது. மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஆயினும் உள்வாரி மாணவன் ஒருவனும் உழைக்கிறவனாக இருக்கலாம் என்ற உண்மை எமது உயர்கல்விச் சிந்தனைக்குள் இன்னும் சரியாக நுழையவில்லை.

உழைத்துக்கொண்டு படிப்பதைப் புகழ்ந்து பேசுவது எமக்கு இலகு. மேடைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். தெருவிளக்கில் படித்தார், தறியில் படித்தார் என்று சொல்லிக் கைதட்டுவோம். தறியில் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன், அதில் புகழ ஒன்றுமில்லை. அன்று நான் வாசித்திருக்க வேண்டிய நூல்களில் பாதியை வாசிக்கவில்லை. விரிவுரைகளில் கண்ணைத் திறந்துகொண்டு உறங்கியிருக்கிறேன். பட்டம் கிடைத்தது, படிப்பில் ஒரு பகுதி கிடைக்கவில்லை. அதே வேளையில், தறி எனக்குச் சில விடயங்களைக் கற்பித்ததையும் மறுக்க மாட்டேன். 1977ஐப் பற்றி நான் வகுப்பில் பேசும்போது அது புத்தகத்திலிருந்து வருவதில்லை.

அறிஞர் அஸீஸ் 1942இல் கண்ட சுவரை ஒரு தனிமனிதனின் கெட்டித்தனத்தால் ஏறிக் கடக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு நிதியத்தை உண்டாக்கினார். ஊர்தோறும் இருக்கும் நமது ஸகாத் நிதியங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் மாணவனுக்கு உதவும்போது, அவனுக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்கின்றன. அவன் படிப்பதால் வீட்டுக்கு எவ்வளவு வரவு குறைகிறது, அதை யார் ஈடுசெய்கிறார்கள் என்றும் ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் போதும். விடை பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயராக இருக்கும்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் கல்வி வரலாற்றை எழுதும்போது, முதலாவது பட்டதாரியின் பெயருக்குப் பக்கத்தில் அவர் படித்த காலத்தில் அந்த வீட்டில் உழைத்தவரின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

நான் ராத்தாவிடம் கேட்டேன். அந்தப் பெருநாளைக்கு முதல் எத்தனை சாறன் நெய்தீங்க என்று. கொஞ்சம் யோசித்தா. "கொப்பியிலதான் இருந்திச்சு தம்பி" என்றா.